ஐம்பதாயிரத்துக்கு முதல் கேமரா: 1500டி வாங்கலாமா, மிரர்லெஸ் பக்கம் போகலாமா?

சில்வர் பீச் செல்வி

எல்லாருக்கும் வணக்கம். ஊர் கடலூர், மஞ்சக்குப்பம். இதுவரை போனில்தான் படம் எடுத்து வருகிறேன். இப்போது கேமரா வாங்க ஐம்பதாயிரம் சேர்த்து வைத்திருக்கிறேன். லென்ஸ், பை, மெமரி கார்டு எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும்.

தேவனாம்பட்டினத்தில் மாசி மகத்துக்கு வரும் சாமிகள், முதுநகர் துறைமுகத்தில் படகுகள் கரை சேரும் நேரம், பாண்டிப் பக்கம் போனால் ஊசுட்டேரிப் பறவைகள், இதெல்லாம் எடுக்க ஆசை. வீட்டு விசேஷம் என்றாலும் என்னைத்தான் கேமராவோடு நிற்க வைப்பார்கள். வீடியோ பெரிதாக வேண்டாம்.

கடையில் கேனன் 1500டியை இரண்டு லென்ஸோடு எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். கூட வேலை பார்க்கும் சார் ஒருவர், "டிஎஸ்எல்ஆர் எல்லாம் செத்துப்போச்சும்மா, காசை வீணாக்காதே" என்கிறார். உள்ளே கண்ணாடி வைத்த டிஎஸ்எல்ஆர் போய், கண்ணாடி இல்லாத மிரர்லெஸ்தான் இனி என்பது அவர் கட்சி. யார் பேச்சைக் கேட்பது?

கெடிலக்கரையான்

தங்கச்சி, செத்துப்போச்சு என்று சொன்ன அந்த சார் கையில் என்ன கேமரா இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். பாதிப் பேர் கையில் ஒன்றும் இருக்காது, யூடியூப்தான் இருக்கும்.

ஆனால் கடைக்காரர் பேச்சும் வேண்டாம். 1500டி 2018இல் வந்தது. ஃபோகஸ் ஏற்பாடு அதைவிடப் பழசு. ஃபோகஸ் பிடிக்கும் புள்ளி மொத்தம் ஒன்பது, அதில் நடுவில் இருப்பது ஒன்றுதான் நிற்கிற கோடு, படுத்த கோடு இரண்டையும் பிடிக்கும் கிராஸ் வகை. வினாடிக்கு மூன்று படம். படகுக்கும் சாமிக்கும் இது தாராளம், பறக்கிற கொக்குக்குக் காணாது. விலை குறைவு என்று 3000டியை எடுத்துக் காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். 18 மெகாபிக்சல்தான். லென்ஸ் மாட்டும் வளையமே பிளாஸ்டிக். கண்ணாடி போடுகிறவர்கள், கண் வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டரில் பவரைச் சரிசெய்துகொள்ளும் சின்னச் சக்கரத்தைக்கூட எடுத்துவிட்டார்கள்.

கேனன் 200டி மார்க் 2 அல்லது நிக்கான் டி5600, இரண்டில் ஒன்றை நல்ல நிலையில் செகண்ட் ஹேண்டாகப் பிடியுங்கள். மிச்சக் காசை லென்ஸில் போடுங்கள். பாடி, அதாவது லென்ஸ் இல்லாத கேமரா, சீக்கிரம் பழசாகும், லென்ஸ் அப்படி ஆகாது.

கண்ணாடி இல்லாதவன்

லென்ஸ் பழசாகாது, சரி. லென்ஸ் மாட்டும் மவுண்ட் பழசாகுமே அண்ணே?

சோனி 2021இலேயே டிஎஸ்எல்ஆரைக் கைகழுவிவிட்டது. நிக்கான் டி3500 இப்போது தயாரிப்பிலேயே இல்லை. 1டி எக்ஸ் மார்க் 3க்குப் பிறகு உச்ச வரிசையில் டிஎஸ்எல்ஆர் வராது என்று கேனனே சொல்லிவிட்டது. வழி அடைபட்ட தெருவில் புதிதாக ஒருவரைக் குடி வைக்கிறீர்கள்.

2023இல் வந்த கேனன் ஆர்50ஐ எடுத்துப் பாருங்கள். பறவையை அடையாளம் கண்டு அதன் கண்ணிலேயே ஃபோகஸைப் பிடித்து வைக்கும். சத்தமே இல்லாமல் எடுக்கலாம், நாரை தலை தூக்காது. வெளிச்சம் கூடினதா குறைந்ததா என்பது பட்டனை அழுத்தும் முன்பே வ்யூஃபைண்டரில் தெரிந்துவிடும். உங்கள் டிஎஸ்எல்ஆரில் ஒன்று எடுத்து, பின்னால் திரையில் பார்த்து, திருத்தி, மறுபடி எடுப்பதற்குள் தீர்த்தவாரியே முடிந்துவிடும்.

கெடிலக்கரையான்

தீர்த்தவாரியைப் பிலிம் காலத்தில் எடுத்தவர்கள் இருக்கிறார்கள் தம்பி. அவர்களுக்குத் திரையே கிடையாது.

எதிர்காலம், எதிர்காலம் என்கிறீர்களே. 2012இல் கேனன் எம் என்று ஒரு மிரர்லெஸ் வரிசையைக் கொண்டுவந்தது. அதுதான் எதிர்காலம் என்று நம்பி வாங்கியவர்கள் ஏராளம். 2023இல் அதற்கு மூடுவிழா நடத்திவிட்டார்கள். எம் லென்ஸை ஆர்50 மாதிரிப் புது ஆர் வரிசைப் பாடியில் மாட்டவும் வழியில்லை. ஆனால் செத்துப்போனதாகச் சொல்லும் டிஎஸ்எல்ஆரின் இஎஃப் லென்ஸை ஒரு அடாப்டர் போட்டு அதே ஆர் பாடியில் மாட்டலாம், ஆட்டோஃபோகஸ் ஒழுங்காக வேலை செய்யும். இப்போது சொல்லுங்கள், அடைபட்ட தெரு எது?

அப்புறம், புது ஆர்50, கேமராவோடு சேர்த்து வரும் கிட் லென்ஸோடு ஐம்பதாயிரத்தில் எங்கே கிடைக்கிறது?

கண்ணாடி இல்லாதவன்

எம் விஷயத்தில் நீங்கள் சொல்வது நியாயம். மறுக்கவில்லை. காசு பற்றாவிட்டால் ஆர்100 இருக்கிறதே.

கெடிலக்கரையான்

ஆர்100இல் திரை அசையாது, தொட்டாலும் வேலை செய்யாது. பறவைக் கண் சமாச்சாரம் அதில் கிடையாது, மனித முகத்தை மட்டும்தான் தேடும். நீங்கள் ஆர்50க்குப் பாடிய பாட்டில் முக்கால்வாசி ஆர்100க்குப் பொருந்தாது. பெயர் மட்டும் மிரர்லெஸ்.

பாகூர் கொக்கு

நான் வில்லியனூர். பெயரைப் பார்த்தாலே தெரிந்திருக்கும், பறவைக் கிறுக்கு.

இரண்டு பேரும் பாடியைப் பற்றியே மல்லுக்கட்டுகிறீர்கள். ஊசுட்டேரிக் கரையில் ஒரு காலை நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே பிரச்சினை தூரம்தான். பறவைகள் நடுத் தண்ணீரில் இருக்கும். கேனனில் 250 மில்லிமீட்டர் போட்டால், படத்தைப் பதிவு செய்யும் சென்சார் சின்னது என்பதால், பெரிய சென்சாரான முழு பிரேம் கணக்கில் 400 வரும். நிக்கானில் 300 போட்டால் 450. இரண்டையும் வைத்து எடுத்தாலும் கூழைக்கடா படத்தின் நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளியாகத்தான் உட்கார்ந்திருக்கும். வெட்டிப் பெரிதாக்கினால் பேஸ்புக்குக்கு ஆகும், பிரிண்டுக்கு ஆகாது.

அதனால் ஊசுட்டேரியை மனதில் வைத்து கேமரா வாங்காதீர்கள். பாகூர் வயலில் உழவு ஓடும் நாளில் போங்கள். டிராக்டர் பின்னாலேயே கொக்கும் உண்ணிக்கொக்கும் வரிசையாக நடக்கும், ஆளைக் கண்டால் கொஞ்சம்தான் ஒதுங்கும். அந்த இடத்துக்கு 250ஏ போதும். ஷட்டர் வேகத்தை வினாடியில் ஆயிரத்தில் ஒன்றுக்குக் கீழே இறக்காமல் வையுங்கள், வெளிச்ச உணர்வைக் கூட்டிக் குறைக்கும் ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விட்டுவிடுங்கள்.

என் ஓட்டு டி5600க்கு. 39 ஃபோகஸ் புள்ளி, அதில் ஒன்பது கிராஸ். பறக்கிறதை வ்யூஃபைண்டரில் துரத்தும்போது 1500டிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் முதல் நாளே தெரியும். லென்ஸ், நிக்கானின் ஏஎஃப்-பி 70-300 மில்லிமீட்டர் ஜூம். இதில் இரண்டு வகை உண்டு, பார்க்க இரண்டும் ஒன்று போலவே இருக்கும். பெயரில் விஆர் என்று இருப்பதை மட்டும் வாங்குங்கள், மற்றதில் கை நடுக்கத்தைத் தாங்கும் வசதி இல்லை. பாடியை மாற்றி யாராவது டி3100, டி5100 என்று பழசைத் தள்ளிவிடப் பார்த்தால் உஷார். இந்த ஏஎஃப்-பி லென்ஸ் அவற்றில் ஃபோகஸே ஆகாது.

சில்வர் பீச் செல்வி

அண்ணே, நிக்கானில் 50 மில்லிமீட்டர் பழைய லென்ஸ் ஒன்று சொந்தக்காரர் வீட்டில் சும்மா கிடக்கிறது, எடுத்துக்கொள் என்கிறார்கள். டி என்று முடிகிறது. டி5600இல் போடலாமா?

பாகூர் கொக்கு

மாட்டலாம். ஆட்டோஃபோகஸ் வராது, கையால்தான் திருக வேண்டும். அந்த லென்ஸுக்குள் மோட்டார் இல்லை, பாடியில் உள்ள மோட்டார்தான் அதைச் சுற்ற வேண்டும். டி3500, டி5600 இரண்டிலும் அது கிடையாது. டி7000 வரிசை மாதிரிப் பெரிய பாடிகளில்தான் உண்டு.

கெடிலக்கரையான்

இதனால்தான் புதிதாக வருகிறவர்களுக்கு நான் கேனனைச் சொல்வது. எந்த இஎஃப் லென்ஸை எந்த இஓஎஸ் டிஎஸ்எல்ஆரில் போட்டாலும் ஆட்டோஃபோகஸ் வரும், இந்தத் தலைவலி இல்லை. வெளிச்சத்தை நிறைய உள்ளே விடும் 50 மில்லிமீட்டர் எஃப் 1.8 எஸ்டிஎம் லென்ஸ் ஒன்று சேர்த்துக்கொண்டால் இரவு விசேஷத்துக்கும் ஆச்சு.

ஸ்டூடியோ மாமா

விசேஷம் என்ற பேச்சு வந்ததால் உள்ளே வருகிறேன். மண்டபத்தில் நின்று எடுக்கிற எனக்கு ஒரு விஷயம் உறுத்துகிறது. யாரும் சொல்லக் காணோம்.

கேனன் 1500டி, 3000டி, 200டி மார்க் 2, மூன்றிலும் தலையில் ஃப்ளாஷ் மாட்டும் இடத்தை உற்றுப் பாருங்கள். நடுவில் இருக்க வேண்டிய வட்டத் தொடுமுனையை எடுத்துவிட்டார்கள். விலை குறைந்த வேறு கம்பெனி ஃப்ளாஷும், ஃப்ளாஷைத் தள்ளி வைத்து எரிய வைக்கும் சாதாரண டிரிகரும் அந்த நடுமுனையை நம்பித்தான் எரிகின்றன. கேனன் ஃப்ளாஷ் என்றால் வேலை செய்யும், ஆனால் அதன் விலையைக் கேட்டுவிட்டு வாருங்கள். முதல் 200டியில் அந்த முனை இருக்கிறது. நிக்கானில் பிரச்சினையே இல்லை.

50 எஃப் 1.8ஐ முழுக்கத் திறந்து வைத்துக் குடும்பப் படம் எடுத்தால் மாப்பிள்ளை தெளிவாக இருப்பார், பக்கத்தில் ஒரு அடி பின்னால் நிற்கும் மாமனார் மங்கலாக இருப்பார். அப்புறம் சொந்தத்தில் பேச்சு வாங்குவது செல்விதான். ஒரு சாதாரண ஃப்ளாஷை வாங்கி மேலே கூரையைப் பார்த்துத் திருப்பிவிடுங்கள், கிட் லென்ஸே போதும்.

கெடிலக்கரையான்

மாமா, ஃப்ளாஷ் முனை விஷயத்தில் நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு. அப்படியானால் முதல் 200டியையே தேடட்டும். சென்சாரில் நடக்கும் ஃபோகஸ் அதிலும் வேகம்தான், திரையும் எல்லாப் பக்கமும் திரும்பும். மாசி மகக் கூட்டத்தில் கேமராவைத் தலைக்கு மேலே தூக்கித் திரையைக் கீழே சாய்த்து எடுக்கலாம். அங்கே முன் வரிசை கிடைப்பதெல்லாம் நடக்கிற காரியமா?

கண்ணாடி இல்லாதவன்

திரையைப் பார்த்து, சென்சார் ஃபோகஸில் எடுக்கிறது என்றால் என்ன அர்த்தம்? கண்ணாடியை மேலே தூக்கி வைத்துவிட்டு டிஎஸ்எல்ஆரை மிரர்லெஸ்ஸாக ஓட்டுகிறீர்கள். அதைத்தானே நானும் ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன்!

கெடிலக்கரையான்

நல்ல மடக்கு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வெயிலில் திரை தெரியாதபோது எனக்குக் கண்ணால் பார்க்க ஒரு நிஜ வ்யூஃபைண்டரும் இருக்கிறது, அதற்கு பேட்டரியும் தேவையில்லை. டி3500ஐ ஒருமுறை சார்ஜ் போட்டால் 1550 படம் என்பது கம்பெனிகளின் பொது அளவுக் கணக்கு. ஆர்50க்கு அதே கணக்கில் அதில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. காலை ஐந்தரைக்குத் துறைமுகத்தில் நிற்கிறவருக்கு இது சின்ன விஷயமில்லை.

உப்புக்காத்து

எல்லாரும் செகண்ட் ஹேண்ட், செகண்ட் ஹேண்ட் என்கிறீர்கள். கடலூர், பாண்டியில் பழைய லென்ஸ் வாங்குவதும் கோயம்புத்தூரில் வாங்குவதும் ஒன்றா? இங்கே வருஷத்தில் பாதி நாள் துவைத்த துணியே காய மாட்டேன் என்கிறது. பீரோவுக்குள் தோல் பையில் மூடி வைத்த லென்ஸில் பூஞ்சை பிடிக்காமல் என்ன செய்யும்?

செல்வி, வாங்கப் போகும்போது இப்படிப் பாருங்கள். லென்ஸைக் கழற்றி இரண்டு பக்க மூடியையும் எடுங்கள். போன் டார்ச்சைப் பின்பக்கம் பிடித்து, நேராகப் பார்க்காமல் கொஞ்சம் சாய்த்து முன்பக்கமாகப் பாருங்கள். ஜூமை ஒரு கடைசியிலிருந்து மறு கடைசி வரை மெதுவாகத் திருகுங்கள், உள்ளே கண்ணாடிகள் நகரும்போதுதான் மறைந்திருப்பது வெளியே வரும். நாலைந்து தூசி இருந்தால் விட்டுவிடலாம், படத்தில் தெரியாது. ஓரத்திலிருந்து உள்நோக்கிச் சிலந்தி வலை மாதிரி மெல்லிய இழை கிளைவிட்டுப் போனால் அது பூஞ்சை. "துடைத்தால் போய்விடும்" என்பார்கள். உள்கண்ணாடியைத் துடைக்க லென்ஸையே பிரிக்க வேண்டும், கோட்டிங் அரிக்கப்பட்டிருந்தால் துடைத்தும் தழும்பு போகாது.

அடுத்து, பாடியில் லென்ஸ் மாட்டும் உலோக வளையம், ஃப்ளாஷ் முனை, பேட்டரி அறையின் செம்புத் தகடுகள். பச்சையாகவோ வெள்ளையாகவோ படிந்திருந்தால் அந்தக் கேமரா உப்பு குடித்தது என்று அர்த்தம். திருகாணிகளில் துரு இருந்தாலும் அப்படியே. என்ன விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.

வாங்கிய பிறகு காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர். நாற்பதிலிருந்து ஐம்பது சதவீதத்துக்குள் வைத்திருங்கள். உங்களுக்கு வாங்கச் சொல்லும் கேமரா எதிலும், டிஎஸ்எல்ஆரோ மிரர்லெஸ்ஸோ, தண்ணீர்த் தூசி புகாமல் அடைப்பு கிடையாது. சில்வர் பீச் மணலில் நின்று லென்ஸ் மாற்றவே கூடாது. வீடு வந்ததும் லேசாக ஈரம் தொட்ட துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியாலும் துடைக்க வேண்டும். ஏசி அறையிலிருந்து நேராக வெளியே எடுத்தால் கண்ணாடியில் வியர்க்கும், கொஞ்ச நேரம் பைக்குள்ளேயே இருக்கட்டும்.

கண்ணாடி இல்லாதவன்

இதைப் படித்த பிறகும் பழசு வாங்கச் சொல்வீர்களா? வாரண்டியோடு புதுசு வாங்கினால் இந்த டார்ச் வேலையே தேவையில்லை.

உப்புக்காத்து

பூஞ்சைக்கும் உப்புக்கும் எந்த வாரண்டியிலும் இடமில்லை தம்பி, அட்டையைத் திருப்பிப் படியுங்கள். புது லென்ஸையும் அதே பீரோவில் வைத்தால் இரண்டு மழைக்காலத்தில் அதே கதிதான்.

சில்வர் பீச் செல்வி

எல்லாருக்கும் நன்றி. பாண்டியில் ஒருவரிடம் டி5600, 18-55, ஏஎஃப்-பி 70-300 மூன்றும் இருக்கிறதாம். விஆர் என்று எழுதியிருக்கிறது, போட்டோ அனுப்பச் சொல்லிப் பார்த்துவிட்டேன். சொல்லும் விலையில் எனக்கு ஃப்ளாஷுக்கும் மிச்சம் நிற்கும். ஞாயிறு போகிறேன். டார்ச்சைத் தவிர வேறு என்ன கொண்டுபோக வேண்டும்?

பாகூர் கொக்கு

உங்கள் மெமரி கார்டை எடுத்துப் போங்கள். லென்ஸின் துவாரத்தைச் சின்னதாக்கி, எஃப் 16இல், வெறும் வானத்தை ஒரு படம் எடுங்கள், சென்சாரில் தூசியோ கறையோ இருந்தால் கறுப்புப் புள்ளியாக நிற்கும். அந்தப் படத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தால் இதுவரை ஷட்டர் எத்தனை முறை ஓடியது என்பதையும் அந்த ஃபைலிலிருந்தே பார்க்கலாம், நிக்கானில் இது வசதி. 70-300ஐ மாட்டித் தெருக்கோடியில் இருக்கும் பெயர்ப் பலகையை 300இல் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். விஆர் இருக்கிறதா என்று லென்ஸில் சுவிட்சைத் தேட வேண்டாம், இதில் அது கேமரா மெனுவுக்குள் இருக்கிறது.

கண்ணாடி இல்லாதவன்

பழைய பெட்டியையும் பில்லையும் கேளுங்கள், திருட்டு மாலாக இருந்தால் வம்பு. ஞாயிறு அது ஒத்துவராவிட்டால் இங்கே எழுதுங்கள், பழைய ஆர்50 ஒன்று என் கண்ணில் பட்டிருக்கிறது.

கெடிலக்கரையான்

விட மாட்டீர்களே!