ஆடி வெயிலில் மாரித் தோட்டம்

மாரி மழைக்கு முன்பே, வெயில் காலத்தில் தோட்ட வேலை தொடங்கிய யாழ்ப்பாணத்துக்காரர் மூவர் தங்கள் அனுபவத்தைச் சொல்கிறார்கள்.

கோண்டாவில்:

முந்தின வருடம் மழைக்காகக் காத்திருந்து கெட்டேன். ஐப்பசியில் முதல் மழை விழுந்த பிறகுதான் கத்தரி, தக்காளி நட்டேன். கார்த்திகை அடைமழையில் எங்கள் செம்மண் பாத்தியிலும் தண்ணீர் நின்றது. வேர் பிடிக்காத கன்றுகள் அடித்தண்டு கறுத்துச் சாய்ந்தன. 60 கன்றில் மிஞ்சியது 9.

இந்த முறை ஆடிப்பிறப்புக்குக் கூழ் குடித்த கையோடு மண்வெட்டி எடுத்தேன். வேலிப் பூவரசை வெட்டி, இலை வாட முதல் பாத்தியில் தாட்டேன் (மண்ணுக்குள் புதைத்தேன்). பெரியப்பா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தார். "பிள்ளை, குழையைத் தாட்டால் மட்டும் காணாது, தண்ணியும் விடோணும். காஞ்ச மண்ணுக்குள்ள அது உக்காது" என்றார். உண்மைதான், சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசும்போது மேல்மண் ஒரே நாளில் பொடியாகிவிடுகிறது. நாலு நாளைக்கு ஒருமுறை கிணற்றிலிருந்து இறைத்தேன். ஐந்து கிழமை கழித்துக் கொத்தியபோது காம்புகள் மட்டும்தான் கிடந்தன.

நாற்றுமேடைக்குத்தான் அதிகம் மெனக்கெட்டேன். ஒரு சாண் உயர மேடை கட்டி, மேலே வைக்கோலும் உமியும் பரப்பி எரித்தேன். நாற்றை அழுகவைக்கும் பூஞ்சணம் அந்தச் சூட்டில் செத்துவிடும். ஆவணி நடுவில் விதைத்துக் கிடுகுப் பந்தல் போட்டேன். முளை தெரிந்ததும் காலையிலும் மாலையிலும் கிடுகை விலக்கி வெயில் காட்ட வேண்டும், இல்லையென்றால் நாற்று வெளிறி நெடுத்துவிடும். தக்காளியை மூன்று கிழமையிலும் கத்தரியை ஐந்து கிழமையிலும் பிடுங்கி, வெயில் சாய்ந்த பிறகே நட்டேன். மழை இறங்கும்போது கன்றுகள் எல்லாம் வேர் பிடித்திருந்தன. இப்போது மார்கழி, நேற்றும் ஒரு கடகம் கத்தரிக்காய் ஆய்ந்தோம்.

பருத்தித்துறைப் பக்கம்:

எங்களுக்கு மணல் தரை, விட்ட தண்ணீர் நிற்காது. அப்பு செய்ததுபோல நானும் ஆடியில் பனையோலையை வெட்டிக் கிடங்கில் தாட்டு மண் மூடினேன். ஓலை மெதுவாகத்தான் உக்கும், அதுவரை ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். அதன் மேல் போட்ட பயிற்றையும் பூசணியும் இரண்டு நாள் தண்ணீர் இல்லாமலும் வாடவில்லை.

மானிப்பாய்:

கோவா (முட்டைக்கோசு) போடுகிறவர்களுக்கு ஒன்று. வெயில் காலத்து நாற்றில் சின்னப் பச்சைப் புழு விழும். எனக்கு ஒரே கிழமையில் குருத்தெல்லாம் போய்விட்டது. அப்புறம் மறுபடி விதைத்து, அன்றைக்கே பழைய நுளம்புவலையை (கொசுவலையை) வளைத்துக் கட்டி, ஓரங்களை மண்ணால் மூடினேன். அந்தப் புழுவுக்கு முட்டை இடும் அந்துப்பூச்சி உள்ளே போக வழியில்லை. நடுகிற நாள் வரை வலையை எடுக்கவில்லை.