இந்த சைடுபோர்டு என்ன மரம், என்ன பெறும்?

வணக்கம். பெரியம்மா கோவை வீட்டைக் காலி செய்தபோது, சாப்பாட்டு அறையில் இருந்த சைடுபோர்டை எனக்குக் கொடுத்தார். 5 அடி நீளம், 32 அங்குல உயரம். நடுவில் மூன்று இழுப்பறைகள், இரு பக்கமும் கதவுகள். ஈட்டி மரம் என்கிறார். கடைக்காரரோ தொட்டுக்கூடப் பார்க்காமல், "வெறும் பிளைவுட்" என்று அடிமாட்டு விலை கேட்டார். மனம் ஒப்பவில்லை.

நான் பார்த்தவரை, பழைய பொருள் அல்ல. கதவைத் தள்ளினால் கடைசி ஓரங்குலத்தில் தானே மெல்ல அடங்கும் கீல். பின்பலகை பிளைவுட்தான், ஸ்டார் ஸ்க்ரூ போட்டிருக்கிறார்கள். ஆனால் மேற்பலகையில் ஓடும் கரும்பழுப்பு ரேகை விளிம்பில் நிற்காமல் மடிந்து பக்கவாட்டிலும் தொடர்கிறது. இழுப்பறையின் மூலைகளில் ஆணி இல்லை. புறா வால்போல் விரிந்த பற்களைக் கோத்திருக்கிறார்கள். ஒட்டுப் பலகைக்கு இத்தனை மெனக்கெடுவார்களா?

சிங்கப்பூரில் இருக்கும் அக்கா இதைக் கேட்கிறாள். ஈட்டி மர இனம் 2017 முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருப்பதால், அனுப்புவதற்கு முன் மரம் எதுவென்று உறுதியாகத் தெரிய வேண்டும்.

மேற்பலகை முழு மரமா, மேலே ஒட்டிய மெல்லிய ஏடா என்பதைச் சுரண்டாமல் அறிய வழி உண்டா? கோவைப் பக்கம் நேரில் பார்த்து நியாயமாக மதிப்பிடும் தச்சர் யாராவது இருந்தால் சொல்லுங்கள். மூலை, கீல், அடிப்பக்கப் படங்களை இணைத்திருக்கிறேன்.