புளோரோகாபன் நூலுக்கும் அதன் முனைத்துண்டுக்கும் தமிழ்: முன்னாணா, தங்கூசியா?

கொக்குவில் மொழிபெயர்ப்பாளர்:
எல்லோருக்கும் வணக்கம். குளத்தில் தூண்டில் போடப் பழகுகிறவர்களுக்கான கையேடு ஒன்று வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். இரணைமடு, முத்தையன்கட்டுப் பக்கம் விராலும் திலாப்பியாவும் பிடிக்கிற பெடியள்தான் வாசிக்கப்போகிறார்கள். தூண்டில், மிதப்பு, ஈயம், முடிச்சு எல்லாம் முடிந்தது. ஒரு அத்தியாயம் மட்டும் தொண்டையில் முள்ளாய் நிற்கிறது.

கணினியிடம் கொடுத்துப் பார்த்தேன். "புளோரோகார்பன் வரியும் தலைவர் பொருளும்" என்று தலைப்புத் தந்தது. உள்ளே, "தலைவர் உரசுப்பட்டால் உடனே வெட்டிவிட்டுப் புதிய தலைவரைக் கட்டுங்கள்" என்று இருக்கிறது. இதை யாழ்ப்பாணத்தில் என் பெயர் போட்டு அச்சடிக்க ஏலாது.

விசயம் இதுதான். ரீலில் சுற்றிய பிரதான நூலின் முனையில், கொக்கிக்கு முன்னால், ஒரு பாகம் (இரு கையையும் விரித்த நீளம்) அளவுக்கு வேறு நூல் கட்டுகிறார்கள். ஆங்கிலத்தில் லீடர் எனப்படும் அந்தத் துண்டுக்கு ஒரு சொல்; கணினியின் "தலைவர்" அதுதான். அது பெரும்பாலும் புளோரோகாபன். அந்த நூலுக்கு ஒரு சொல். கெதியாகச் சொல்லுங்கள்.

நல்லூர்ப் பண்டிதர்:
பிள்ளை, சொல்லுக்கு எங்கும் அலையவேண்டாம். பெரும்பாணாற்றுப்படையில் "நெடுங்கழைத் தூண்டில் நடுங்க நாண் கொளீஇ" என்று வருகிறது. நெடிய மூங்கிற் கோல், அதில் கொளுவிய நாண், வளைந்த வாயுடைய இரும்பு, பொதிந்த இரை, கடைசியில் அதைக் கவ்வும் வாளை. முழுத் தூண்டிலும் அங்கே உண்டு. வாளை நன்னீர் மீன் என்பதையும் கவனிக்க. ஆகவே நூல், இழை, கயிறு எல்லாவற்றையும் தள்ளிவைத்து நாண் என்க. முன்னே வருவது முன் + நாண். "னலமுன் றனவும்" என்ற சூத்திரப்படி நகரம் னகரமாகித் தருவது முன்னாண். சொல் கிடைத்துவிட்டது.

குருநகர்க் கடைக்காரர்:
முன் ஆணோ? அப்ப பின் பெண் எங்கை, ஐயா?

நல்லூர்ப் பண்டிதர்:
முன் + ஆண் என்றாலும் தனிக்குறில் முன் ஒற்று இரட்டித்து முன்னாண் என்றே நிற்கும் என்பது உண்மை. இடம்நோக்கிப் பொருள் கொள்ளவேண்டியதுதான். நாண் என்பதற்கு வெட்கம் என்ற பொருளும் உண்டு. அதற்காக வில்லை நாணில்லாமலா வளைத்தார்கள்?

கோவை உறுப்பினர்:
நுனிநாண் என்றால் இந்தச் சிக்கல் வராது. எங்கள் பக்கம் தூண்டில் நூலை நரம்பு என்றே கேட்டு வாங்குவார்கள். நுனிநரம்பு என்றும் வைக்கலாம். புளோரோகார்பனுக்குப் புளோரோகரிம நரம்பு. கார்பனைக் கரிமம் என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்?

குருநகர்க் கடைக்காரர்:
கடைக்கு வாறவன் நரம்பு எண்டு கேட்டால் நான் ஆஸ்பத்திரிக்கு வழி சொல்லுவன். எங்கடை சனத்துக்கு அது தங்கூசி. மெல்லிசுத் தங்கூசி, மொத்தத் தங்கூசி, அவ்வளவுதான். இப்ப வாறது புளோரோகாபன் தங்கூசி. அதிலை என்ன விவாதம்?

உயர்தர இரசாயனவியல் ஆசிரியர்:
மூன்று திருத்தங்கள்.

ஒன்று, இங்கே பாடப்புத்தகத்தில் காபன், ஐதரசன், ஒட்சிசன் என்று படித்த பிள்ளைக்குக் கரிமம் என்றால் அடுப்புக்கரிதான் நினைவுக்கு வரும். காபன் காபனாகவே இருக்கட்டும்.

இரண்டு, கண்டிப்பாகப் பார்த்தால் காபனும் புளோரீனும் மட்டும் உள்ளதே புளோரோகாபன். இந்த நூல் பொலிவினைலிடீன் புளோரைட்டு. அதில் ஐதரசனும் இருக்கிறது. வியாபாரப் பெயரைக் கலைச்சொல்லாக்க முதல் இதை யோசிக்கவேண்டும்.

மூன்று, தங்கூசி என்பது நைலோன். நைலோன் பொலியேமைட்டு. இரண்டும் ஒரே குடும்பமே இல்லை.

தொறன்ரோவிலிருந்து:
சேர் சொன்ன வேறுபாடுதான் கையேட்டின் உயிர். நான் இங்கே ஏரிகளில் இரண்டையும் பாவிக்கிறவன், சொல்லுக்குப் போகமுதல் பொருளைச் சொல்லிவிடுகிறேன்.

நைலோன் தண்ணீரை உறிஞ்சும். ஊறினால் பலம் குறையும், இழுவை கூடும். புளோரோகாபன் உறிஞ்சாது. அடர்த்தி 1.78, நைலோன் 1.14 அளவில், இப்போது எல்லோரும் ரீலில் சுற்றும் பின்னல் நூல் பொலியெதிலீன் என்பதால் 0.97. ஆகவே பின்னல் மிதக்கும், நைலோன் மெல்ல இறங்கும், புளோரோகாபன் தாழும். கல்லிலும் கட்டையிலும் உரசினாலும் கெதியில் தேயாது, வெயிலும் அவ்வளவாகத் தின்னாது. ஆனால் விறைப்பு. ரீல் நிறையச் சுற்றினால் சுருள் சுருளாய்ப் பாயும், விலையும் கூட. அதனால்தான் பின்னலின் முனையில் ஒரு துண்டு மட்டும் கட்டுகிறோம்.

யப்பானில் குரேகா நிறுவனம் 1971இல் இதைத் தூண்டிலுக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன் நைலோன். நைலோனுக்கு முன் பட்டுப்புழுவின் பட்டுச் சுரப்பியை இழுத்து நீட்டிய இழை. கோவைக்காரர் சொன்ன நரம்பு அந்தக் காலத்து எச்சமோ தெரியாது.

நல்லூர்ப் பண்டிதர்:
பட்டுப்புழுவுக்குப் போகத் தேவையில்லை. தங்கூசி தூய தமிழே. தங்கு + ஊசி. கொக்கியை ஊசி என்பது பொருந்தும். ஊசி தங்குவதற்கு இடமான நூல், ஆகுபெயராய்த் தங்கூசி. நீரில் தங்கும் ஊசி என வினைத்தொகையாய் விரித்தாலும் தகும். முற்றியலுகரமா குற்றியலுகரமா என்று கேட்பவர்களுக்கு: தங்கு என்பதன் ஈறு மென்றொடர்க் குற்றியலுகரம், உயிர் வர மெய்விட்டு ஓடும். எங்கே தட்டுகிறது?

தொறன்ரோவிலிருந்து:
ஐயா, மலாயில் தூண்டில் நூலுக்குத் தங்சி என்பார்கள். பிலிப்பைன்ஸிலும் தன்சி. எங்கள் ஊரில் பாதி வீடு மலாயா பென்சனில் நடந்தது. சொல் கப்பலில் வந்திருக்கும்.

நல்லூர்ப் பண்டிதர்:
தமிழிலிருந்து மலாய்க்குப் போனது என்று ஏன் இருக்கக்கூடாது? கப்பல் என்ற சொல்லே அங்கே போனதுதானே.

கொக்குவில் மொழிபெயர்ப்பாளர்:
கப்பல் போகட்டும், இன்றைக்குப் புதன்கிழமை. தங்கூசியில் எனக்கு வேறு பயம். பேப்பரில் "தங்கூசி வலை தடை" என்று வாசித்து வாசித்து, தங்கூசி என்றாலே கடற்படை பிடிக்கும் என்று பெடியள் நினைக்கிறார்கள். கையேட்டில் அந்தச் சொல் வந்தால் தூண்டிலும் தடையோ என்று கேட்பார்கள்.

குருநகர்க் கடைக்காரர்:
தடை வலைக்கு. நூலுக்கில்லை. அதை ஒரு வரியிலை போடுங்கோ, தங்கச்சி. சொல்லை ஏன் ஒழிக்கவேணும்?

கோவை உறுப்பினர்:
தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாது என்பதுதானே இதன் சிறப்பு? அந்தக் குணத்தை வைத்தே பெயரிடலாமே. மறைநூல்.

நல்லூர்ப் பண்டிதர்:
மறைநூல் என்றால் வேதம். வேதத்தைக் கொக்கியில் கட்டச் சொல்கிறீர்களா? வேண்டுமானால் மறைநாண்.

உயர்தர இரசாயனவியல் ஆசிரியர்:
மறையவே மறையாது. தண்ணீரின் முறிவுச் சுட்டி 1.33, இந்த நூலினது 1.42, நைலோனினது 1.53 அளவில். தண்ணீருக்கு நைலோனைவிடக் கிட்ட என்பதால் கொஞ்சம் குறைவாகத் தெரியும், அவ்வளவே. விளம்பரக்காரன் சொன்னதை நாங்கள் வினைத்தொகையாக்கி நிரந்தரப்படுத்தக்கூடாது.

கோவை உறுப்பினர்:
ஒளிவிலகல் எண் என்று எழுதினால் எல்லா நாட்டுத் தமிழருக்கும் புரியும். முறிவுச் சுட்டி என்று கையேட்டில் போட்டால், நூல் எத்தனை கிலோவில் முறியும் என்றல்லவா வாசிப்பார்கள்?

உயர்தர இரசாயனவியல் ஆசிரியர்:
இலங்கையில் பரீட்சைத் தாளில் முறிவுச் சுட்டிதான். மாணவன் எங்கே தூண்டில் போட்டாலும் புள்ளி அங்கேதான் கிடைக்கும்.

குருநகர்க் கடைக்காரர்:
கோவை ஐயா சொல்லுறது சரி. என்னட்டை வாறவன் கேக்கிறது அதைத்தான்: எத்தினை இறாத்தலிலை அறும்? அதுக்கு ஒரு சொல்லைக் காணேல்லை.

கொக்குவில் மொழிபெயர்ப்பாளர்:
"அறும் பாரம்" என்று எழுதியிருக்கிறேன். இதற்குத் தனி விவாதம் தொடங்கவேண்டாம், தயவுசெய்து.

நல்லூர்ப் பண்டிதர்:
அறும் பாரத்தில் பெயரெச்சம் விரிந்து நிற்கிறது. அறுபாரம் என்று வினைத்தொகையாக்கினால் செறிவு. ஆனால் அறு ஆறு என்ற எண்ணின் குறுக்கமும் ஆகுமாதலால் ஆறு பாரம் என்று மயங்கவும் இடமுண்டு. இருக்கட்டும்.

தொறன்ரோவிலிருந்து:
மறையும் என்ற பேச்சு வன்னிக் குளங்களுக்கு எவ்வளவு பொருந்தும் என்பதையும் யோசியுங்கள். மாரி முடிந்த கையோடு தண்ணீர் கலங்கல். அங்கே விரால் நூலைப் பார்த்து ஓடாது. வரண்ட காலத்தில் தெளிந்து வந்தால், திலாப்பியாவுக்கு மெல்லிய துண்டு, 6 அல்லது 8 இறாத்தல், நல்ல வித்தியாசம் காட்டும்.

விராலுக்குக் கதை வேறு. தாமரைக்குள்ளும் சல்வீனியாவுக்குள்ளும் ரப்பர் தவளையை மேற்பரப்பில் இழுக்கிறபோது, நீளமான புளோரோகாபன் துண்டு தாழ்ந்து தவளையின் மூக்கை அமுக்கிவிடும். அங்கே மொத்தமான பின்னல் நூலை நேரே கட்டுவதே நல்லது. துண்டு வேண்டுமென்றால் ஒரு முழம், 30 இறாத்தலுக்குக் குறையாமல். அல்லது நைலோன். ஆகவே எந்தப் பெயர் வைத்தாலும், எல்லாத் தூண்டிலுக்கும் இது கட்டாயம் என்ற எண்ணம் வரக்கூடாது.

நல்லூர்ப் பண்டிதர்:
தாழும் என்பதே குணமாயின் அமிழ்நாண். அமிழ்ந்த, அமிழ்கின்ற, அமிழும் என முக்காலமும் அடங்கும்.

குருநகர்க் கடைக்காரர்:
கட்டையிலை கொளுவினால் முக்காலமும் அமிழும், மேலை வராது.

இன்னொரு விசயம். நைலோனுக்கு மேலை மெல்லிசாப் புளோரோகாபன் பூசிப்போட்டு அதே பெயரிலை விக்கிறாங்கள். பெட்டியின்ரை பின்பக்கத்தை வாசியாமல் வாங்கவேண்டாம் எண்டு கட்டாயம் போடுங்கோ. சிலபேர் நுனியைக் கொளுத்தி மணந்து பாக்கிறவை.

உயர்தர இரசாயனவியல் ஆசிரியர்:
கொளுத்தவே கூடாது! எரிந்தால் ஐதரசன் புளோரைட்டு வரும், அது நச்சு வாயு. இதைப் பெரிய எழுத்தில் போடுங்கள். வெட்டிய துண்டைக் குளத்துக்குள் எறியவேண்டாம் என்பதையும் சேர்த்து. நைலோனே லேசில் உக்காது, இது அதைவிட மோசம்.

தொறன்ரோவிலிருந்து:
முடிச்சைப் பற்றியும் ஒரு பந்தி கேட்டிருந்தீர்கள். இறுக்க முதல் வாயில் வைத்து எச்சிலால் நனைக்கவேண்டும். காய்ந்தபடி இழுத்தால் உரசற் சூட்டிலேயே நூல் பழுதாகி, முடிச்சுக்குக் கிட்ட வெண்மையாகச் சுருண்டு நிற்கும். அதைக் கண்டால் வெட்டிவிட்டுத் திரும்பக் கட்டவேண்டும். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் பெருவிரல் நகத்துக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் துண்டை உருவிப் பாருங்கள். சொரசொரப்பாய் ஒரு இடம் தட்டினால் அதோடு அந்தத் துண்டின் காலம் முடிந்தது. பின்னலோடு சேர்க்க இரட்டை யூனி முடிச்சுப் போதும்.

கோவை உறுப்பினர்:
யூனி முடிச்சுக்குத் தமிழ்?

கொக்குவில் மொழிபெயர்ப்பாளர்:
யூனி முடிச்சு.

வியாழன் இரவாகிவிட்டது. நான் முடிவெடுக்கிறேன், கோவிக்கவேண்டாம். நூல்: புளோரோகாபன் தங்கூசி. முனையில் கட்டும் துண்டு: நுனித்தங்கூசி. வலைக்குத்தான் தடை என்பதை முதல் பக்கத்தில் ஒரு வரியில் சொல்லிவிட்டேன். நச்சு வாயு பெரிய எழுத்தில். பண்டிதர் ஐயாவின் நாண் முன்னுரையில் பாட்டடியோடு வருகிறது. மறைநூல் இல்லை. கையேடு பெடியளுக்கு, கடையில் போய்க் கேட்டால் கடைக்காரருக்கு விளங்கவேண்டும்.

குருநகர்க் கடைக்காரர்:
விளங்கும்.

உயர்தர இரசாயனவியல் ஆசிரியர்:
எனக்கும் சம்மதம், களைப்பினால். ஆனால் நைலோன் அல்லாததைத் தங்கூசி என்பது பொருட்பிழை என்ற என் கருத்து அப்படியே நிற்கிறது.

கோவை உறுப்பினர்:
நுனிநாணே அழகு. ஒரு சந்தேகம்: தங்கூசி மலாய்ச் சொல் என்றால் நுனிக்குப் பிறகு ஒற்று மிகுமா? நுனி தங்கூசி என்றுதானே வரவேண்டும்?

நல்லூர்ப் பண்டிதர்:
மிகும். தங்கு + ஊசி என்று நான் முன்னமே விளக்கியாயிற்று. ஒற்றை எடுத்தால் அது மலாய் என்று நாங்களே எழுதிக்கொடுத்தது போலாகும்.

தொறன்ரோவிலிருந்து:
வேற்றுமொழிச் சொல்லுக்கும் ஒற்று மிகும்தானே, ஐயா. சைக்கிளுக்குக் காற்று.

நல்லூர்ப் பண்டிதர்:
அது நான்காம் வேற்றுமை உருபுக்குப் பின் மிகுந்தது. இங்கே ஆறாம் வேற்றுமைத் தொகையா, ஏழாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகையா என்பதை முதலில் தீர்க்கவேண்டும். நுனியினது தங்கூசியா, நுனியில் கட்டிய தங்கூசியா?

கொக்குவில் மொழிபெயர்ப்பாளர்:
அச்சகத்தில் ஒற்றோடு அடித்தாயிற்று, ஐயா.