பொந்தியானாக்கைக் காசிமேட்டுக்குக் கூட்டி வரலாமா?

கேட்டவர்: காசிமேட்டு கேமரா

கல்யாண வீடியோ எடுப்பது என் தொழில். கையில் ஒரு கேமரா, இரண்டு காலர் மைக், சேர்த்து வைத்த 80 ஆயிரம் ரூபாய். நண்பர்கள் மூன்று பேரோடு 20 நிமிடப் பேய்ப் படம் எடுக்கலாம் என்று இருக்கிறோம்.

இந்த ஆசைக்குக் காரணம் 'ரோ' என்ற மலாய்ப் படம் (2019, எமிர் எஸ்வான்). ஒரு காடு, ஒரு குடிசை, விரல் விட்டு எண்ணும் நடிகர்கள், அவ்வளவுதான். அதையே மலேசியா ஆஸ்கருக்கு அனுப்பியது. தயாரித்தது அமீர் முகம்மதுவின் குமான் பிக்சர்ஸ், சின்ன பட்ஜெட் திகில் படங்களுக்கென்றே தொடங்கியது. குமான் என்றால் கிருமியாம். பேரே பிடித்துவிட்டது.

காசிமேட்டில் பழைய ஐஸ் ஃபேக்டரிக்குப் பின்னால் ஒரு பொந்தியானாக்கை, அதாவது மலாய்க்காரர்கள் சொல்லும் பெண் பேயை, நிறுத்தலாம் என்றேன். "வெள்ளைத் துணி, விரிச்ச முடி. நம்ம மோகினிதானே, இதுக்கு எதுக்கு மலேசியா?" என்கிறான் நண்பன். என்ன பதில் சொல்வது? தலையும் குடலும் மட்டும் பறக்குமே, அந்தப் பெனங்கலானை 80 ஆயிரத்தில் காட்ட முடியுமா?

திருவொற்றியூர் வெல்டர்:

பெனங்கலானை விட்டுவிடுங்கள் தம்பி. அந்தக் குடலைப் பார்த்து யாராவது சிரித்தால் படம் போச்சு.

நான் மலேசியாவில், ஜொகூரில் ஆறு வருடம் வேலை பார்த்தவன். ரூமில் கூட இருந்த மலாய்க்காரப் பையன் ராத்திரியில் பொந்தியானாக் என்ற பேரையே சொல்ல மாட்டான். அவன் சொன்னது இது: பொந்தியானாக்கின் குரல் பலமாகக் கேட்டால் அவள் தூரத்தில் இருக்கிறாள், மெல்லக் கேட்டால் பக்கத்தில். கிட்டே வந்தால் முதலில் பூ வாசம், அப்புறம் பிண வாடை. வாசத்தைப் படத்தில் காட்ட முடியாது, சத்தத்தை முடியும். உங்களிடம் இரண்டு மைக் இருக்கிறதே, போதும்.

வியாசர்பாடி மல்லிகா:

மோகினி வேறு, இவள் வேறு. மோகினி மயக்குகிறவள். பொந்தியானாக் பிள்ளைப்பேற்றில் செத்தவள். நம்மிடம் அவளுக்குச் சொந்தம் என்றால் சுமைதாங்கிக் கல்தான். வயிற்றுப் பிள்ளையோடு செத்தவளுக்காக, அவள் இறக்கி வைக்காத பாரத்தை வழிப்போக்கர் இறக்கி வைக்கட்டும் என்று ரோட்டோரம் நட்ட கல். பொன்னேரிப் பக்கம் எங்கள் ஆயா ஊரில் ஒன்று இருந்தது. விளக்கு வைத்த பிறகு ஆயா அந்த வழியே போகவே விட மாட்டாள்.

இன்னொன்று, ஆணி. நம்மூரில் பேய் பிடித்தவளின் முடியைப் புளியமரத்தில் வைத்து ஆணி அடிப்பார்கள். பேய் மரத்தோடு போகும். அங்கே பொந்தியானாக்கின் பிடரியிலேயே ஆணி அடிப்பார்களாம். உடனே அழகான பெண்ணாகி, ஒருத்தனுக்குச் சமைத்துப் போட்டுக் குடும்பம் நடத்துவாளாம், ஆணி பிடுங்கப்படும் வரைக்கும். எனக்குப் பயம் அவள் மேல் இல்லை, ஆணி அடித்துவிட்டுப் பக்கத்தில் நிம்மதியாகத் தூங்குகிறானே, அவன் மேல்தான்.

பழைய பட ஆள்:

1957இல் முதல் 'பொந்தியானாக்' படத்தை எடுத்தவரே இந்தியாவிலிருந்து போன பி. என். ராவ்தான். நடித்தது மரியா மெனாடோ. நம் ஆள் அங்கே போய் எடுத்தாரே, அவள் இங்கே வந்தால் மட்டும் என்னவாம்?

ஆனால் காசிமேட்டில் விடியற்காலை இரண்டு மூன்று மணிக்கே மீன் ஏலச் சத்தம் ஆரம்பித்துவிடும். பேய்க்கு வேலை நேரமே கிடையாது!

காசிமேட்டு கேமரா:

நேற்று மொட்டை மாடியில் சோதித்துப் பார்த்தேன். மனைவியைத் தாலாட்டுப் பாடச் சொல்லி, மைக்கை அவள் சேலையில் மாட்டினேன். என் பக்கம் நடந்து வர வர, சத்தத்தைக் குறைக்கும் ஃபேடரை இறக்கிக்கொண்டே போனேன். கடைசியில் பாட்டே இல்லை, மூச்சு மட்டும். ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். அவள்தான் நிற்கிறாள் என்று தெரிந்தும் பார்த்தேன்.

ஐஸ் ஃபேக்டரி வேண்டாம். ஒரே அறை வீடு, புருஷன் பெண்டாட்டி. அவள் தலை வாரும்போது பிடரியில் மட்டும் சீப்பு போகாது. காரணத்தைக் கடைசி வரைக்கும் சொல்லப் போவதில்லை. அவளுக்குப் பேரும் வைக்க மாட்டேன்.

மல்லிகா அக்கா, அந்தக் கல் இன்னும் இருக்கிறதா? ஞாயிற்றுக்கிழமை பைக்கில் வருகிறோம். பகலில்தான்.