மேகத்துக்குள் நுழைந்தாலே ஃப்ரேம் படுத்துவிடுகிறது (ஃப்ளைட்கியர் 2020.3)

நண்பர்களே, ஃப்ளைட்கியர் என்ற விமான சிமுலேட்டரின் 2020.3 பதிப்பில் 'டீடெயில்டு வெதர்' என்ற வானிலை அமைப்பைப் போட்டு, மெட்டார் (விமான நிலைய வானிலை அறிக்கை) நிலவரத்தோடு பறக்கிறேன். மேகத்துக்கு வெளியே 45 எஃப்பிஎஸ் (நொடிக்கு 45 ஃப்ரேம்). திரண்ட மேகத்துக்குள் மூக்கை நுழைத்ததும் 12. வெளியே வந்த அடுத்த நொடியே பழையபடி 45.

விண்டோஸ் 10, ஜிடிஎக்ஸ் 1650 கிராஃபிக்ஸ் கார்டு (4 ஜிபி), 16 ஜிபி ரேம், செஸ்னா 172. கிராஃபிக்ஸ் டிரைவரைப் போன மாதம் மாற்றினேன். அதற்கு முன்பும் இதே கதைதான். சிங்கப்பூர் சாங்கியில், ஓடுபாதை 02எல்-க்குக் கடல் பக்கமிருந்து இறங்கும்போதுதான் மோசம். மதிய இடிமழை மேகம் அங்கே அடுக்கடுக்காக நிற்கும். கண்ணாடிக்கு வெளியே வெள்ளைப் படலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விட்டுவிட்டு நகர்கின்றன, ஓடுபாதை விளக்கு தெரிவதற்குள் விமானம் பாதை விலகிவிடுகிறது.

மரம், கட்டடம், நிழல் எல்லாவற்றையும் அணைத்தேன், துளி மாற்றமில்லை. மேகம் தெரியும் தூரத்தைக் குறைத்தேன், உள்ளே போனால் அதே 12. ரெசல்யூஷனை 1920×1080இலிருந்து 1280×720க்கு இறக்கியபோது மட்டும் 25 வந்தது. ஆகவே பிராசஸர் மேல் எனக்குச் சந்தேகமில்லை. பாதி ஒளிபுகும் மேகத் துண்டுகள் திரை முழுக்க அடுக்கப்படுவதால், ஒரே பிக்சலை கார்டு பலமுறை வரைய வேண்டியிருக்கிறது என்று நினைக்கிறேன். 'பேசிக் வெதர்' வேகமாக ஓடுகிறது; ஆனால் அந்த மேகத்தில் உயரமும் இல்லை, உயிரும் இல்லை.

ரெசல்யூஷனைக் குறைக்காமல், மேகத்தின் வடிவமும் கெடாமல், உள்ளே இருக்கும்போது வரையப்படும் அடுக்குகளை மட்டும் குறைக்க எந்த அமைப்பை மாற்ற வேண்டும்?