புதுப்பிப்பு: தெருவில் நிற்கும் காரின் ஸ்டெப்னி திருட்டு – சங்கிலி போட்டாச்சு

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. புதிதாக வருபவர்களுக்கு: என் ஏழு இருக்கை வண்டியில் ஸ்டெப்னி அடியில் தொங்கும். ஜாக்கி கம்பியைப் பின்பக்க ஓட்டையில் விட்டுச் சுற்றினால் இறங்கிவிடும். எங்கள் தெருவில் இப்படி ஒன்று திருட்டுப் போனதும்தான், என் வண்டியில் இதை எப்படித் தடுப்பது என்று இங்கே கேட்டேன்.

கேமரா, நட் பூட்டு (தனிச் சாவி இல்லாமல் சக்கரத்தைக் கழற்ற விடாத நட்), சக்கரத்தையே டிக்கியில் வைப்பது என்று பல யோசனைகள் வந்தன. டிக்கியில் வைத்தால் பின் சீட்டை மறந்துவிட வேண்டியதுதான். நட் பூட்டு ஓடும் நாலு சக்கரத்துக்குச் சரி, தொங்குகிற ஸ்டெப்னிக்கு உதவாது. கைகொடுத்தது சங்கிலி யோசனைதான்: ரிம் ஓட்டை வழியாக விட்டு, சேஸிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) குறுக்குக் கம்பியோடு சேர்த்துப் பூட்டு. சைலன்சர் குழாயில் உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எதிர்பாராதது சத்தம். ஒவ்வொரு வேகத்தடையிலும் கடகடவென்று அடித்தது. பழைய சைக்கிள் டியூபைச் சங்கிலிக்கு உறையாக மாட்டியதும் அடங்கியது. மழைத் தண்ணீரும் சேறும் பட்டுப் பூட்டு இறுகிவிட்டது. எண்ணெய் விட்டுத்தான் திறந்தேன். இப்போது பூட்டுக்கும் ஒரு டியூப் துண்டு. சாவி வண்டிச் சாவிக்கொத்திலேயே இருக்கட்டும், நடுவழியில் பஞ்சர் ஆனால் வீட்டுக்கா ஓடுவது?

அப்புறம், அதுவும் திருடு போகக்கூடாதென்று அசல் ஆர்.சி.யை (வண்டிப் பதிவுச் சான்று) டேஷ்போர்டிலிருந்து எடுத்துவிட்டேன். டிஜிலாக்கரில் (அரசின் ஆவணச் செயலி) இருப்பதை அசலுக்குச் சமமாக ஏற்கும்படி மத்திய அரசு 2018-லேயே சொல்லிவிட்டது.

பக்கத்து வீட்டு அண்ணனும் சங்கிலி வாங்கிவிட்டார், டியூப் கேட்டிருக்கிறார்.