ஒரே தாய்ச் செடியின் மிளகாய்க் கன்றுகள் ஏன் ஒன்றுபோல் வளரவில்லை?

சன்னல் மிளகாய் கேட்கிறார்:

என்னிடம் நல்ல காரமும் மணமும் உள்ள மிளகாய்ச் செடி ஒன்று இருக்கிறது. விதை போட்டால் அதே குணம் வருமா என்ற சந்தேகத்தில், தண்டுகளை வெட்டி வேர் பிடிக்க வைத்தேன். எல்லாமே ஒரே நாளில், அந்த ஒரே செடியிலிருந்து எடுத்தவை. வேர் ஊக்கித் தூளில் தொட்டு, ஈரமான கோகோபீட்டில் (தேங்காய் நார்த்தூளில்) செருகி, மூடி போட்டு வைத்தேன். பெரும்பாலானவை பிழைத்துக்கொண்டன. பிறகு தனித்தனித் தொட்டிகளுக்கு மாற்றி, அறைக்குள் எல்.இ.டி. விளக்கின் கீழ் ஒரு தட்டில் வரிசையாக அடுக்கியிருக்கிறேன். விளக்கு நாளுக்கு 16 மணி நேரம் எரிகிறது. காலையில் ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரே குவளை அளவு தண்ணீர்.

இப்போது சில கன்றுகள் ஒரு சாண் உயரத்தைத் தாண்டிவிட்டன. சில இரண்டு விரல் உயரத்திலேயே நிற்கின்றன. குட்டையாக நிற்பவற்றில் சிலவற்றுக்கு அடி இலைகள் மஞ்சளாகின்றன. இன்னும் விசித்திரம், ஆறே இலை உள்ள ஒரு கன்று மொட்டு வைத்திருக்கிறது! மூலையில் இருக்கும் ஒன்றுக்கு மட்டும் நுனி இலைகள் குறுகிச் சுருண்டிருக்கின்றன.

மரபு ஒன்று, மண் ஒன்று, தண்ணீர் ஒன்று. பிறகு எங்கிருந்து வருகிறது இந்த வேறுபாடு? பின்தங்கியவற்றுக்கு மட்டும் உரம் கொடுத்துப் பார்க்கலாமா?

உரமூட்டை:

அடி இலை மஞ்சளானால் தழைச்சத்துக் குறை. கோகோபீட்டில் சத்து என்று சொல்லிக்கொள்ள எதுவும் கிடையாது. தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள, நீரில் கரையும் 19:19:19 உரத்தை லிட்டருக்கு 2 கிராம் கலந்து ஊற்றுங்கள், பச்சை பிடித்துவிடும்.

நாற்றங்கால்:

உரப் பையைக் கட்டி ஓரமாக வையுங்கள். மேலே சொல்லியிருக்கும் அளவு வேர் நிறைந்த செடிக்குச் சரி. வேரே சரியாக ஓடாத கன்றுக்கு அதை ஊற்றினால் உப்பு தேங்கி, இருக்கும் வேர்நுனியும் கருகும். நாற்று வளர்ப்பது எனக்குத் தொழில். வளராத கன்றைக் கண்டதும் உரத்தைத் தேடும் பழக்கத்தால் செத்த கன்றுகளை நான் நிறையவே பார்த்திருக்கிறேன்.

முதலில் அந்த மொட்டு விவகாரம். மிளகாய்ச் செடியின் அமைப்பைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். நடுத்தண்டு நேராக மேலே போய், ஓரிடத்தில் கவட்டையாகப் பிரியும். அந்தக் கவட்டையில்தான் முதல் பூ வரும். அதற்கு மேல் ஒவ்வொரு பிரிவிலும் ஒரு பூ என்றுதான் செடி போகும். கவட்டைக்கு மேலே இருந்து வெட்டிய தண்டு அந்தப் பழக்கத்தோடுதான் உங்கள் தொட்டிக்கு வருகிறது. இரண்டு இலை விடும், மொட்டு வைக்கும், மறுபடியும் பிரியும். உயரம் ஏறாது. கவட்டைக்குக் கீழே, நடுத்தண்டின் பக்கவாட்டில் கிளம்பிய தளிரை வெட்டியிருந்தால் அது பல இலைகள் விட்டு வளர்ந்த பிறகே பூப்பதைப் பற்றி நினைக்கும். ஒரே செடிதான், ஆனால் வெட்டிய இடம் வேறு. அந்தக் கன்றுக்கு நோய் எதுவும் இல்லை. மொட்டைக் கிள்ளிப் போடுங்கள், இலை பெருகும்வரை வரும் மொட்டை எல்லாம் கிள்ளிக்கொண்டே இருங்கள். பார்க்க மனம் வராதுதான், கிள்ளுங்கள்.

அடுத்தது தண்டின் முதிர்ச்சி. பழுப்பேறிய அடித்தண்டு வேர் விடத் தாமதிக்கும். பச்சை நுனித்தண்டு சீக்கிரம் வேர் விடும், ஆனால் வாடவும் அழுகவும் அதற்குத்தான் வாய்ப்பு அதிகம். உங்கள் கன்றுகள் எல்லாம் ஒரே நாளில் வெட்டப்பட்டவை, சரி. ஒரே நாளில் வேர் விட்டவையா? ஒரு வாரம் முந்தி வேர் விட்டது ஒரு வாரம் முந்தி இலை விடும், அந்த இலை மேலும் இலையை வளர்க்கும். வட்டிக்கு வட்டி போல இடைவெளி ஏறிக்கொண்டே போகும். இதற்கு மருந்து கிடையாது, தேவையும் இல்லை.

ஆனால் நீங்கள் எழுதியதில் என்னை உறுத்தியது அந்த ஒரே குவளைத் தண்ணீர். சாண் உயரக் கன்று மாலைக்குள் குடித்துவிடும். இரண்டு விரல் கன்றுக்கு அதைக் குடிக்க இலை ஏது? தொட்டி நனைந்தபடியே இருக்கும், வேருக்குக் காற்று கிடைக்காது, அடி இலை மஞ்சளாகும். தழைச்சத்துக் குறை என்று தோன்றுவதற்கும் இதற்கும் இலையில் பெரிய வேறுபாடு தெரியாது. கையில் தூக்கினால் தெரியும். உலர்ந்த கோகோபீட் நிரப்பிய தொட்டி ஒன்றையும், இப்போதுதான் தண்ணீர் ஊற்றி வடியவிட்ட தொட்டி ஒன்றையும் தூக்கிப் பார்த்து அந்த இரண்டு கனத்தையும் கைக்குப் பழக்குங்கள். கன்று நிற்கும் தொட்டி உலர்ந்த கனத்தை நெருங்கும்போது மட்டும் ஊற்றுங்கள். சிலவற்றுக்குத் தினமும் வேண்டியிருக்கும், சிலவற்றுக்கு நாலு நாளுக்கு ஒரு முறை போதும்.

கனமாகவே இருக்கும் தொட்டியைக் கவிழ்த்து வேரைப் பாருங்கள். தண்டை இரண்டு விரல்களுக்கு நடுவே வைத்து மண்கட்டியை உள்ளங்கையில் வாங்குங்கள். வெள்ளையாகவும் விறைப்பாகவும் இருந்தால் நல்ல வேர். பழுப்பாக இருந்து, மெல்ல இழுத்தால் தோல் உறையாகக் கழன்று நடுவில் நூல் மட்டும் மிஞ்சினால் அது அழுகல்.

கடைசியாக விளக்கு. தட்டைவிட விளக்கு சிறியதாக இருந்தால் நடுவில் விழும் ஒளியில் பாதிகூட மூலைக்குப் போகாமல் இருக்கலாம். கைப்பேசியில் வரும் ஒளியளவுச் செயலி துல்லியமானதல்ல, ஆனால் நடுவையும் மூலையையும் ஒப்பிட அது போதும். தொட்டிகளுக்கு எண் எழுதி, பின்தங்கியவற்றை நடுவுக்கும் முந்தியவற்றை ஓரத்துக்கும் மாற்றி வையுங்கள். ஒரு வாரம் பத்து நாள் பொறுத்து, புதிதாக வரும் இலையை மட்டும் பாருங்கள், பழைய இலை எதையும் சொல்லாது. குறை இடத்தோடு நின்றுவிட்டால் விளக்கும் காற்றும்தான் காரணம். தொட்டியோடு சேர்ந்து நகர்ந்தால் வேரிலோ தண்டிலோ தேடுங்கள். தட்டு வெறுந்தரையில் இருக்கிறதா? வேருக்கு 22 முதல் 26 டிகிரி வரை இதமான வெப்பம். தரை குளிர்ந்தால் மேலே எவ்வளவு வெளிச்சம் இருந்தாலும் வேர் நகராது.

உரமூட்டை:

தண்ணீர் விஷயத்தை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் சத்தே இல்லாத கோகோபீட்டில் எத்தனை நாள்தான் பட்டினி போடுவது?

நாற்றங்கால்:

நியாயமான கேள்வி. தொட்டியின் அடித் துளையில் வெள்ளை வேர் தெரிந்ததும் தொடங்கலாம். உரம் கலந்த நீரின் ஈ.சி. (கரைந்த உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன்) 0.8 முதல் 1 mS/cm வரை, அமிலகாரநிலை 5.5 முதல் 6.5 வரை இருந்தால் போதும். கோகோபீட்டுக்கு ஒரு குணம் உண்டு. அதில் சோடியமும் பொட்டாசியமும் ஒட்டியிருக்கும், கால்சியமும் மெக்னீசியமும் வந்தால் அவற்றைப் பிடித்துக்கொண்டு இவற்றை விடும். எனவே நன்றாக அலசி, கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்துப் பிழிந்த பிறகே நட வேண்டும். வெறும் 19:19:19-இல் கால்சியம் கிடையாது. கால்சியம் போதாத கன்றில் புது இலை கோணலாகத்தான் வரும்.

சன்னல் மிளகாய்:

எண் எழுதி மாற்றி வைத்தேன். மூலையிலிருந்து நடுவுக்கு வந்தவற்றில் பெரும்பாலானவை அகலமான புது இலை விட்டிருக்கின்றன. தண்ணீரைத் தொட்டியின் கனம் பார்த்துத்தான் ஊற்றுகிறேன். மஞ்சளான கன்றுகளைக் கவிழ்த்துப் பார்த்தபோது ஓரிரண்டில் நீங்கள் சொன்னபடியே உறை கழன்று வந்தது. மற்றவற்றின் வேர் வெள்ளைதான்.

சுருண்ட கன்று மட்டும் எங்கே வைத்தாலும் அப்படியே இருக்கிறது. தேடிப் பார்த்தபோது வேறு சில கன்றுகளின் இலையடியிலும் மணல் தெளித்ததுபோல் சிறு மணிகள் தெரிகின்றன. முட்டைகளோ என்று பயமாக இருக்கிறது.

பூதக்கண்ணாடி:

இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அந்த மணிகளை நகத்தால் மெல்லச் சுரண்டுங்கள். உதிர்ந்து விழாமல் இலையோடு சேர்ந்தே கண்ணாடிபோல் மின்னினால் அவை முட்டைகளல்ல. வேர் தண்ணீரை ஏற்றிக்கொண்டே இருக்க, காற்றில் ஈரம் மிகுந்து இலையால் அதை வெளியேற்ற முடியாமல் போகும்போது எழும் நீர்க்கொப்புளங்கள் அவை. வீட்டுக்குள் வளரும் மிளகாயில் இது சாதாரணம். தண்ணீரைக் குறைத்துவிட்டீர்கள், ஒரு சிறு விசிறியும் ஓடினால் புது இலையில் வராது.

சுருண்ட கன்றுக்கு வருவோம். இலை விளிம்பு மேல்நோக்கிப் படகுபோல் மடிந்தால் இலைப்பேன் என்ற சாறுறிஞ்சும் சிறு பூச்சி. கீழ்நோக்கிக் கவிழ்ந்து, இலை குறுகி, காம்பு மட்டும் நீண்டு, அடிப்புறம் செம்பு நிறமாக மினுங்கினால் மஞ்சள் சிலந்தி என்ற நுண்ணிய சாறுறிஞ்சி. பின்னது வெறும் கண்ணுக்குத் தெரியாது, 20 மடங்கு பெருக்கும் கண்ணாடி வேண்டும். வெள்ளை ஈயின் காலைப் பற்றிக்கொண்டு செடி விட்டுச் செடி போகக்கூடிய ஜீவன் அது. கன்றை இன்றைக்கே வேறு அறைக்கு மாற்றுங்கள், அதைத் தொட்ட கையோடு மற்றவற்றைத் தொடாதீர்கள்.

தாய்ச் செடியையும் ஒரு முறை பாருங்கள். அதன் நுனியும் சுருண்டு நரம்பு தடித்திருந்தால் இலைச்சுருட்டு வைரஸாக இருக்கலாம். அப்படியானால் அதிலிருந்து வெட்டிய எந்தக் கன்றையும் நம்ப முடியாது.

சன்னல் மிளகாய்:

மணிகள் உதிரவில்லை, நீங்கள் சொன்னதுபோல் மின்னுகின்றன. தாய்ச் செடி நன்றாக இருக்கிறது. சுருண்டது கீழ்நோக்கித்தான், காம்பும் நீளம். தனியாக வைத்துவிட்டேன். வேர் அழுகியவற்றை என்ன செய்வது? தூக்கிப் போட மனம் இல்லை.

நாற்றங்கால்:

தண்டின் நுனி இன்னும் பச்சையாக இருந்தால், அழுகலுக்கு வெகு மேலே வெட்டி மறுபடியும் வேர் விட வையுங்கள். வெட்டுவாயில் பழுப்பு வளையம் தெரிந்தால் தெளிந்த பச்சை வரும்வரை இன்னும் மேலே போங்கள். தெளியவே இல்லை என்றால் தூக்கிப் போடத்தான் வேண்டும். பழைய கோகோபீட்டை மறுபடியும் பயன்படுத்தாதீர்கள், தொட்டியைக் கழுவிக் காயவையுங்கள்.

சிலந்தி பிடித்த ஒற்றைக் கன்றுக்காக மருந்து தேடி அலைய வேண்டாம். நல்ல தாய்ச் செடி கைவசம் இருக்கிறது, இதைப் பையில் கட்டி வெளியேற்றுங்கள். அடுத்த முறை வெட்டும்போது கவட்டைக்குக் கீழே கிளம்பிய, ஒரே பருமனுள்ள தளிர்களாகப் பொறுக்குங்கள். மேல் தண்டுகளும் வேண்டுமென்றால் அவற்றைத் தனித் தட்டில் வையுங்கள், இரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிட வேண்டாம்.

பூதக்கண்ணாடி:

ஒன்று சேர்க்கிறேன். அந்தச் சுருண்ட கன்றுக்கு இருபுறமும் நின்ற கன்றுகளின் நுனியைக் கண்ணாடி வைத்து இரண்டு வாரமாவது பார்த்துவாருங்கள். புது இலை குறுகத் தொடங்கினால் அவற்றையும் உடனே பிரித்துவிடுங்கள்.